தொகுதி காணவில்லை

காலை ஒன்பது மணிக்குக் கதவைத் திறந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த பெரிய திரையில் இரண்டே இரண்டு சொற்கள் வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டன.

"தொகுதி காணவில்லை."

கண்ணாடித் தடுப்புக்கு உட்புறம் கணினி முன்னால் இருந்த மனு அக்கா அதைப் பார்த்ததும் நாற்காலியைச் சரக்கென்று முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஆனால் மனசின் ஒரு மூலையில் கொஞ்சம் பெருமையும் எட்டிப் பார்க்கத்தான் செய்தது. கோளாறுதான். இருந்தாலும் என்ன அழகான தமிழில் சொல்கிறது!

அப்படிச் சொல்ல வைத்தவளே அவள்தான்.

அது மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த உறுப்பினரின் அலுவலகம். குழாயில் தண்ணீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை மூடியைக் காணோம் என்று வருகிறவர்களிடம் மனுவை வாங்கி, எண் போட்டு, கோப்பில் சேர்ப்பது அவள் வேலை. பதினாறு வருஷமாக அதைச் செய்ததில் சொந்தப் பெயர் எல்லாருக்கும் மறந்துபோய் 'மனு அக்கா' என்றே நிலைத்துவிட்டது. பெரியவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

முன்பெல்லாம் எண் போடுவது தலையணை கனத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தில். ஒரு மனுவைத் தேட அரை நாள் ஆகும். அதைப் பொறுக்க முடியாமல்தான் அவள் கணினி நிரல் எழுதக் கற்றுக்கொண்டாள். பேருந்தில் போக நாற்பது நிமிடம், வர நாற்பது நிமிடம், நடுவில் மதியச் சாப்பாட்டு வேளை. இரண்டு வருஷத்தில் ஒரு நிரலை ஒற்றை ஆளாக எழுதி முடித்தாள். மனு வந்தால் அது எண் போடும், டோக்கன் அச்சடிக்கும், யார் முறை என்று திரையில் காட்டும், மனு கொடுத்தவரின் கைப்பேசிக்குச் செய்தியும் அனுப்பும். உறவுக்காரர்கள் வீட்டுக்குப் போனால் செருப்பைக் கழற்றும் முன்பே இந்தக் கதையை ஆரம்பித்துவிடுவாள்.

"எல்லாம் நீயே எழுதினதா?" என்று கணவர் ஒருநாள் கேட்டார். அவர் தையல்காரர்.

"நீங்க பேன்ட் தைக்கிறீங்க. ஜிப்பையும் நீங்களா செய்றீங்க? கடையில வாங்கி வச்சுத் தைக்கிறீங்க இல்ல? அது மாதிரிதான். யாரோ எழுதி வச்ச துண்டை எடுத்து நானும் வச்சுத் தைப்பேன். அதுக்குப் பேரு மாட்யூல்."

"ஜிப் கைவசம் இல்லன்னா?"

"புரோகிராம் அப்படியே குப்புற விழுந்துடும். விழும்போது திரை முழுக்க இங்கிலீஷ்ல திட்டும்."

அந்தத் திட்டைத்தான் அவளால் சகிக்க முடியவில்லை. வருகிறவர்கள் பாவம், பயந்துபோவார்கள். அதனால் நிரல் விழுவதற்கு முன்பே பிழையைக் கையில் ஏந்திப் பிடித்து, பதமான தமிழில் ஒரு வார்த்தை சொல்லும்படி எழுதி வைத்தாள். மாட்யூலுக்குத் தமிழ் என்ன என்று கலைச்சொல் அகராதியைப் புரட்டினாள். 'தொகுதி' என்று போட்டிருந்தது. ஜிப்புக்கு இவ்வளவு லட்சணமான பேரா என்று அவளுக்கு ஒரே சந்தோஷம்.

நேற்றுச் சாயங்காலம் அலுவலகத்துக்குப் புதுக் கணினி வந்தது. தான் எழுதிய நிரல் பக்கங்களையும் பழைய மனு விவரங்களையும் பென் டிரைவில் போட்டுக் கொண்டுவந்து அதில் இறக்கினாள். பேன்ட் வந்துவிட்டது. ஜிப்பைத்தான் பழைய கணினியிலேயே விட்டுவிட்டாள். டோக்கன் அச்சடிக்கிற மாட்யூல் இல்லை.

அதுவும் இன்றைக்குப் பார்த்தா!

"நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் ஒரு தடங்கல் இல்லாம ஓடணும். இல்லன்னா மறுநாள்லேர்ந்து வெளிக் கம்பெனி சாஃப்ட்வேர்தான். உங்க புரோகிராமை அழிச்சிட வேண்டியதுதான்," என்று நேற்றே சொல்லிவிட்டிருந்தார் நிழல்.

நிழல் என்பது உறுப்பினரின் உதவியாளர். உறுப்பினரை இந்தப் பக்கம் யாரும் பார்த்துப் பதினோரு மாதம் ஆகிறது. நிழலை மட்டும் தினமும் பார்க்கலாம். அதனால் வந்த பேர்.

கூடத்தில் அப்போது ஒன்பது பேர் இருந்தார்கள். முன்வரிசையில் ஓய்வுபெற்ற தபால்காரர். முப்பத்தைந்து வருஷம் மற்றவர்களின் கடிதங்களைப் படித்துக் காட்டிய பழக்கத்தில், எழுத்து என்று எது கண்ணில் பட்டாலும் உரக்கப் படித்துவிடுவார்.

"தொகுதி காணவில்லை!"

"எந்தத் தொகுதி?" என்றார் சலவைக் கடைக்காரர்.

"இந்த ஆபீஸ் திரையில போட்டா எந்தத் தொகுதியா இருக்கும்? நம்ம தொகுதிதான்."

"நேத்து வரைக்கும் இருந்ததே!"

கண்ணாடிக்கு உள்ளே இதெல்லாம் கேட்கவில்லை. வெளியே வாய்கள் அசைவது மட்டும்தான் தெரிந்தது. 'பாவம், டோக்கன் வரலைன்னு கவலைப்படறாங்க' என்று மனு அக்கா நினைத்துக்கொண்டாள். விட்டுப்போன மாட்யூலை இணையத்திலிருந்து இறக்கினால் இரண்டு நிமிட வேலை. ஆனால் புதுக் கணினியில் இணையத்திலிருந்து எதையும் இறக்க முடியாதபடி வெளிக் கம்பெனிக்காரர் பூட்டுப் போட்டிருந்தார். அவருக்குப் போன் போட்டாள்.

"பாஸ்வேர்டா? நாளைக்கு நேர்ல வந்து போட்டுத் தரேன் மேடம்," என்றார் அவர். குரலில் ஒரு குஷி இருந்தது.

சரி, மக்களுக்கு ஆறுதலாக இன்னொரு வரி சேர்க்கலாம் என்று தட்டினாள். திரையில் அது பளிச்சென்று வந்தது.

"கவலை வேண்டாம். தொகுதி இல்லாமலேயே பணிகள் தொடரும்."

தபால்காரர் படித்து முடித்தபோது சலவைக் கடைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

"பாத்தீங்களா! தொகுதியே இல்லையாம், பணி மட்டும் தொடருமாம். யாருக்குத் தொடருது பணி? பதினோரு மாசமா அப்படித்தானே நடக்குது!"

மனு அக்கா அதற்குள் பின்னால் இருந்த சாமான் அறைக்கு ஓடியிருந்தாள். உடைந்த நாற்காலிகளுக்கு அடியில் பழைய கணினி கிடந்தது. குழந்தையை இடுப்பில் இடுக்குவதுபோல அதை இடுக்கிக்கொண்டு வந்து, மேசைமேல் வைத்து, தூசி தட்டி, உயிர் கொடுத்து, அதிலிருந்த மாட்யூலைப் புதுக் கணினிக்கு மாற்றினாள். அப்பாடா என்று பொத்தானைத் தட்டினாள்.

பழைய ஜிப், புது பேன்ட். பல் பொருந்தவில்லை. அதற்கும் அவள் முன்யோசனையாக ஒரு வரி எழுதி வைத்திருந்தாள்.

"இது மிகப் பழைய தொகுதி. ஏற்க இயலாது."

இந்தத் தடவை கூச்சல் கண்ணாடியைத் தாண்டியே கேட்டது.

"எது பழசு? எங்க தாத்தா காலத்துலேர்ந்து இருக்கோம், இப்ப ஏத்துக்க முடியாதா?"

"பக்கத்துத் தொகுதியோட சேத்துட்டாங்கய்யா! எனக்கு அப்பவே தெரியும்."

ஓரமாக உட்கார்ந்திருந்த டீச்சர் மட்டும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் ஒரு மனு வைத்திருந்தார். பள்ளிக்கூட வாசலில் வண்டிகள் கண்மண் தெரியாமல் ஓடுகின்றன, பிள்ளைகள் சாலையைக் கடக்க ஒரு சிக்னல் வேண்டும் என்று ஏழு முறை எழுதியது. எல்லாம் சரியாகி, உறுப்பினரின் ஒரே ஒரு கையெழுத்துக்காக நிற்கிறது. அவர் வந்தால்தானே?

மனு அக்கா நிரலை அணைத்துவிட்டு மறுபடி ஓட்டினாள். சில சமயம் அது தானாகச் சரியாகும். சரியாகவில்லை. காலையிலிருந்து இது மூன்றாவது பிழை. அப்போதுதான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று முறை தொடர்ந்து பிழை வந்தால் பொறுப்பாளரின் கைப்பேசிக்குத் தகவல் போக வேண்டும் என்று எழுதி வைத்திருந்தாள். பொறுப்பாளர் அவளேதான். ஒரே ஒரு எண் உள்ள பட்டியல்.

அவள் போன் சத்தம் போடவில்லை.

அந்தப் பட்டியலையும் பழைய கணினியிலேயே விட்டுவிட்டாள் போலிருக்கிறது. 'பட்டியல் இல்லையென்றால் நின்றுவிடாதே, கையில் கிடைத்த பட்டியலை எடுத்துக்கொள்' என்று சமயோசிதமாக ஒரு வரி எழுதியிருந்தாள். எழுதிய அன்று தன் முதுகில் தானே தட்டிக்கொள்ளாத குறைதான். நிரலுக்குக் கையில் கிடைத்த பட்டியல், மனு கொடுத்தவர்களின் பட்டியல். ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பேர்.

செய்தி அனுப்பும் பகுதி எந்த மாட்யூலையும் நம்பாமல் அவளே முழுசாக எழுதியது. அது மட்டும் கனகச்சிதமாக வேலை செய்தது.

"மூன்று முறை தேடியும் தொகுதி கிடைக்கவில்லை. உடனே அலுவலகத்துக்கு வரவும்."

கூடத்தில் ஒன்பது கைப்பேசிகளும் ஒரே நேரத்தில் டிங் என்றன.

முதல் ஆள் வர ஆறு நிமிடம் ஆனது. அரை மணியில் கூடம் நிறைந்தது. பத்தரைக்கு வாசல் நிறைந்தது. பதினொன்றுக்குத் தெரு நிறைந்தது. வேலையைப் போட்டது போட்டபடி வந்தவர்கள், பாதி முடி வெட்டிய தலையோடு வந்தவர், வீட்டுப் பத்திரத்தைக் கையோடு எடுத்துவந்த ஒரு தம்பதி. வீடு இன்னும் இதே தொகுதியில்தான் இருக்கிறதா என்று அவர்களுக்குத் தெரிய வேண்டுமாம்.

நிழல் கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே வந்தபோது சட்டையில் ஒரு பொத்தான் போயிருந்தது.

"என்னம்மா பண்ணி வச்சிருக்கீங்க? தொகுதியைக் காணோம்னு ஊருக்கெல்லாம் தண்டோரா போட்டிருக்கீங்க! ஐயாவுக்குத் தெரிஞ்சா என் கதி என்ன ஆகும்?"

"சார், தொகுதின்னா மாட்யூல்..."

"யாருக்குத் தெரியும் அது? போன் போட்டா ஐயா எடுக்க மாட்டேங்கறார். முதல்ல அதை அழிங்க. மொத்தத்தையும் அழிங்க. இப்பவே!"

மனு அக்கா திரையைப் பார்த்தாள். நாற்பது நிமிடம் போக, நாற்பது நிமிடம் வர, இரண்டு வருஷம். நின்றுகொண்டே எழுதிய வரிகள் எத்தனை, எழுதிக்கொண்டிருந்ததில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்ட நாட்கள் எத்தனை.

"அழிக்க மாட்டேன் சார்."

"என்னது?"

"அஞ்சு மணி வரைக்கும்னுதானே சொன்னீங்க? மணி பதினொண்ணுதான் ஆகுது."

பதினாறு வருஷத்தில் அவள் அவரிடம் முடியாது என்று சொன்னது இதுதான் முதல் தடவை. நிழல் பதிலுக்கு வாயைத் திறந்தார். அதற்குள் அவள் போன் அடித்தது. கணவர்.

"என்னம்மா, தொகுதி காணாமப் போச்சாமே? எனக்கும் மெசேஜ் வந்தது. கடை இங்கதான் இருக்கு, பாத்துட்டேன். வீட்டை ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வரட்டுமா?"

"ஐயோ, நீங்களுமா? காணாமப் போனது ஜிப்புங்க! டோக்கன் அடிக்கிற ஜிப்!"

"ஓ, அதானா." எதிர்முனையில் தையல் இயந்திரம் மறுபடி ஓட ஆரம்பித்தது. "ஜிப் கிடைக்கலன்னா அதுக்காகவா இவ்வளவு நேரம் அழுவுற? ரெண்டு பட்டன் வச்சுத் தைச்சு விடு. பேன்ட் இடுப்புல நின்னாப் போதாதா?"

மனு அக்கா போனை வைக்கவில்லை. அது தானாக மேசைமேல் விழுந்தது.

ஆமாம். இத்தனை நேரமும் அவள் பிழையைப் பிடித்து அதற்கு அழகாகப் பேசத்தான் கற்றுக்கொடுத்திருந்தாள். பிடித்த கையோடு வேறு வழியில் வேலையைப் பார்க்கச் சொல்லவே இல்லை. அச்சடிக்கிற மாட்யூல் இருந்தால் அச்சடி. இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு எண்ணைத் திரையில் பெரிதாகக் காட்டு, சீட்டை நான் கையால் எழுதிக்கொள்கிறேன். அவ்வளவுதான். பன்னிரண்டு வரி. யாரிடமும் இரவல் வாங்காத பன்னிரண்டு வரி.

நிழல் தலைக்குப் பின்னால் நின்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்க, அவள் விரல்கள் தடதடவென்று ஓடின. தட்டினாள்.

திரையில் இருந்த தொகுதி மறைந்தது. பெரிய எழுத்தில், கூடத்தின் கடைசி வரிசைக்கும் தெரிகிற மாதிரி, 'எண் 1' என்று வந்தது.

மனு அக்கா ஒரு நாற்காலியை வாசலுக்கு இழுத்துப்போய் அதன்மேல் ஏறினாள். இவ்வளவு பேர் முன்னால் அவள் பேசியதே இல்லை. இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க! காணாமப் போனது நம்ம தொகுதி இல்ல. என் புரோகிராம்ல ஒரு சின்னத் துண்டு. அதுக்குப் பேரும் தொகுதி. புரோகிராமை எழுதினது நான், பேரு வச்சதும் நான், தப்பும் என்னுதுதான். இப்ப சரிபண்ணிட்டேன். வந்தது வந்துட்டீங்க, வரிசையா வாங்க, ஒருத்தர் விடாம மனுவைப் பதிஞ்சு தரேன்!"

கூட்டம் ஒரு கணம் யோசித்தது.

"அப்போ தொகுதி இருக்கா?" என்றார் தபால்காரர்.

"இருக்கு."

"உறுப்பினர்?"

"அதுக்கு நான் புரோகிராம் எழுதலைங்க."

கொல்லென்று சிரிப்பு எழுந்தது. சிரிப்பு அடங்கியதும் கோபம் சரியான விலாசத்தைத் தேடிக்கொண்டு கிளம்பியது. தபால்காரருக்குத் தொண்டை ஏற்கெனவே சூடாகியிருந்தது.

"தொகுதி கிடைச்சாச்சு!" என்று கத்தினார்.

"உறுப்பினர் எங்கே?" என்றது தெரு.

ஒரு பக்கம் கோஷம், இன்னொரு பக்கம் வரிசை. எண் ஐம்பது. எண் நூறு. கோஷம் போட்டவர்கள் தங்கள் எண் வந்ததும் உள்ளே வந்து சமர்த்தாக மனுவைக் கொடுத்துவிட்டு, சீட்டை வாங்கிக்கொண்டு, வெளியே போய் விட்ட இடத்திலிருந்து கத்தினார்கள். நிரல் ஒரு தடவைகூடத் திக்கவில்லை. நூற்று எழுபதில் நிழலே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சீட்டெழுத உட்கார்ந்துவிட்டார்.

பன்னிரண்டரை மணிக்குத் தெருமுனையில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. இறங்கியவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. சுவரொட்டி முகத்தைவிடப் பத்து வயது கூடுதல். நிழல் பேனாவைப் போட்டுவிட்டு ஓடிய வேகத்தைப் பார்த்துத்தான் அது யாரென்று மக்களுக்குப் புரிந்தது.

உறுப்பினரை அப்படியே அலாக்காக உள்ளே கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். எழுந்து போகலாம் என்றால் கதவு தெரிந்தால்தானே? கதவு இருக்கிற திசையெங்கும் மனிதர்கள். மனு அக்காவின் திரை எண்ணைக் காட்ட, எண்ணுக்குரியவர் வந்து நிற்க, கணினி பழைய மனுவின் தேதியோடு விவரம் சொல்ல, அவரால் 'பாக்கறேன்' என்று சொல்லித் தப்பிக்க முடியவில்லை. டீச்சரின் முறை வந்தபோது திரை ஏழு தேதிகளை ஒன்றன்கீழ் ஒன்றாகக் காட்டியது. உறுப்பினர் ஏழையும் படித்தார். காது மடல் சிவந்தது. பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். டீச்சர் அந்தக் காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கண்ணாடித் தடுப்பைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். மனு அக்கா அடுத்த எண்ணைத் தட்டினாள்.

நாலே முக்கால் மணிக்கு முந்நூற்றுப் பதினெட்டாவது மனு முடிந்தது. உறுப்பினர் விரல்களை உதறிக்கொண்டு நிமிர்ந்தார்.

"இவ்வளவு கூட்டம், ஒரு தள்ளுமுள்ளு இல்ல. எந்த மனு எங்க நிக்குதுன்னு நொடியில வருது. யாரு செஞ்ச ஏற்பாடு இது?"

"நம்ம ஆபீஸ் ஏற்பாடுதான் ஐயா. நான்தான் பக்கத்துல இருந்து..." என்று நிழல் ஆரம்பித்தார்.

"அந்த அக்கா எழுதினது," என்றார் டீச்சர், எல்லாருக்கும் கேட்கும்படி. "முழுக்க அவங்களே எழுதினது."

உறுப்பினர் எழுந்து வந்து மனு அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதற்கப்புறம் நிழலுக்கு வேறு வழி இருக்கவில்லை.

"வெளிக் கம்பெனிக்கு வேண்டாம்னு சொல்லிடறேன்," என்றார், மெதுவாக. "உங்களுதே ஓடட்டும்."

"அஞ்சு ஆக இன்னும் கால் மணி இருக்கு சார்," என்றாள் மனு அக்கா.

அவள் வாசலுக்கு வந்தபோது கால் தரையில் பாவவில்லை. பதினோரு மாதமாக யார் கூப்பிட்டும் வராத மனிதரைத் தன் நிரலின் ஒரே ஒரு வரி இழுத்து வந்துவிட்டது! கணவருக்குப் போன் போட வேண்டும். உறவுக்காரர்கள் வீட்டுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் போக வேண்டும். அதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டு உறுதிசெய்துகொள்ளலாம் என்று, கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவரிடம் போனாள்.

"ஏன் தம்பி, என் மெசேஜைப் பாத்ததும் ஐயா உடனே கிளம்பிட்டாரா?"

டிரைவர் துணியைப் பிழிந்துகொண்டே நிமிர்ந்தார்.

"மெசேஜா? அதெல்லாம் பாக்கலக்கா. இன்னைக்கு எல்லாரும் அவங்கவங்க தொகுதியில இருக்கணும்னு மேலிடத்து உத்தரவு. நான் புதுசு, ஐயாவுக்கும் வழி மறந்துபோச்சு. காலையிலேர்ந்து மூணு ஊரைச் சுத்தியும் தொகுதி கிடைக்கல. கடைசியில இந்தத் தெருவுல ஜனங்க திட்டுறதைக் கேட்டதும்தான் ஐயா கதவைத் தட்டி, 'நிறுத்து, நிறுத்து, இதான் நம்ம தொகுதி'ன்னாரு!"